இரண்டு விமானங்களுக்கு ஒரு பின்

1

இந்தக் கதை ஒரு வாழ்த்துமடலின் முதுகில் பிறந்தது. இது உவமை இல்லை. அரியலூர் கடைவீதியில் எனக்கு ஒரு சின்ன அச்சகம் உண்டு. 2006ஆம் வருஷம் ஒரு பெரிய மனிதரின் மணிவிழாவுக்கு ஐந்நூறு வாழ்த்துமடல் அச்சடித்தேன். பாதி மிஞ்சிவிட்டது. வழவழப்பான தாள், பின்பக்கம் காலி. வீணாக்க மனமில்லாமல் அதில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முன்பக்கத்தில் நான் அவரை 'ஏழைக்கு இறக்கை தந்த எம்மானே' என்று விளித்திருக்கிறேன். எதுகை மோனையோடு பன்னிரண்டு வரி. பின்பக்கத்தில் அவரைத் திட்டப்போகிறேன். தாள் ஒன்றுதான், கையும் ஒன்றுதான். இதை இப்போதே ஒப்புக்கொண்டுவிட்டால், பிற்பாடு நீங்களாகக் கண்டுபிடித்த மாதிரி சந்தோஷப்பட முடியாது, பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் மர்மம் கிடையாது. நாற்பது பெண்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறவேண்டும். ஏறலாமா, கூடாதா? அவ்வளவுதான். வேறு எதையாவது எதிர்பார்த்து வந்தவர்கள் இந்த இடத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். வண்டி இன்னும் கிளம்பவில்லை.*

(* அடிக்குறிப்பு: அந்த வருஷம் அரியலூர் பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்தது. அதற்குமுன் ஒரு வருஷம் தனி மாவட்டமாக இருந்தது. அப்புறம் இல்லை என்றார்கள். மறுபடி ஆகப்போகிறது என்றார்கள். என் அச்சகத்துக்கு லெட்டர்பேடு ஆர்டர் மட்டும் ஒவ்வொரு தடவையும் வந்தது. ஊரையே கழற்றி மாட்டி விளையாடியவர்கள் நாங்கள். கதைக்கு இது தேவையில்லை. கோபத்துக்குத் தேவை.)

2

முதல் தொடக்கம்: 'நீல வானில் வெள்ளிப் பறவையொன்று தன் சிறகை விரித்து—'

வேண்டாம். அது பறவை இல்லை. எந்தப் பறவைக்கும் ஐந்நூறு தடவை தரையிறங்கிய பிறகு காலைப் பிரித்துப் பார்க்கச் சொல்லி அரசாங்கம் ஆணை போடுவதில்லை.

இரண்டாம் தொடக்கம்: 'திருமுருகன் சஸ்பெண்ட் ஆகி ஊருக்கு வந்த அன்று பெரம்பலூரில் அடைமழை—'

பெய்யவில்லை. கதைக்காகவெல்லாம் பெரம்பலூரில் மழை பெய்யாது. பயிருக்கே பெய்யாது.

மூன்றாவதாகச் சாதாரணமாகச் சொல்லிப் பார்க்கிறேன். திருமுருகனுக்கு முப்பத்திநாலு வயது. பெரம்பலூர்க்காரன். சென்னையில் ஒரு தனியார் விமான நிறுவனத்தில் பராமரிப்பு இன்ஜினியர். நிறுவனத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். விமானத்தை அவன் ஓட்டுவதில்லை. ஓட்டலாம் என்று கையெழுத்துப் போடுபவன். அந்தக் கையெழுத்து இல்லாமல் விமானம் நகரக்கூடாது. 'கூடாது' என்ற சொல்லுக்கு நம் நாட்டில் என்ன மரியாதை என்பது உங்களுக்குத் தெரியும்.

அந்த நிறுவனத்திடம் திருச்சி, கோயம்புத்தூர், சென்னை என்று ஓடும் சின்ன விமானங்கள் இரண்டு இருந்தன. ஒரே வகை, ஒரே வயசு. அந்த வகை விமானத்துக்கு ஒரு கட்டாய ஆணை உண்டு. சக்கரக் காலை விறைப்பாக நிறுத்தி வைக்கும் ஒரு பின்னை, ஐந்நூறு தடவை தரையிறங்கியதும் கழற்றிச் சோதிக்க வேண்டும். கீறல் இருந்தால் புதுப் பின் போட வேண்டும். போடாமல் ஒருமுறைகூடப் பறக்கக் கூடாது. பின் உங்கள் முழங்கை நீளம்தான் இருக்கும். அது உடைந்தால், இறங்கும்போது கால் மடங்கும்.

சோதனையும் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பின்னைத் துடைத்துச் சிவப்புச் சாயம் தடவுவார்கள். ஊறவிட்டு, சாயத்தைத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடி அடிப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் அதற்குள் பதுங்கிய சாயம் மெல்ல வெளியே கசியும். வெள்ளைமேல் சிவப்புக் கோடு.

முதல் விமானத்தின் பின்னில் திருமுருகன் அந்தக் கோட்டைப் பார்த்தான். ஒரு கட்டைவிரல் நீளம். புதுப் பின் கேட்டான். கையிருப்பில் இல்லை. வெளிநாட்டிலிருந்து வர ஆறு வாரம் ஆகும். அதுவரை விமானம் நிற்க வேண்டும்.

மேனேஜர் வேறு வழி சொன்னார். இரண்டாவது விமானத்தை முந்தின மாதம்தான் சோதித்திருந்தார்கள். அதன் பின் நல்ல பின். அதைக் கழற்றி இதில் மாட்டு. கீறல் விழுந்ததை அதில் மாட்டு. இதை அதிகாரி வந்து பார்ப்பார், நல்ல பின்னைப் பார்ப்பார், போவார். அதற்குச் சோதனை நாள் வரும்போது திருப்பி மாட்டிக்கொள்ளலாம். எந்த விமானத்தைச் சோதித்தாலும் அன்றைக்கு அதில் நல்ல பின்தான் இருக்கும். காகிதத்தில் ஒரு பொய் கிடையாது.*

(* பின்னில் எண் பொறித்திருக்குமே என்று கேட்கும் புத்திசாலி வாசகருக்கு: எண்ணைத் தேய்க்க உப்புத்தாள் போதும்.)

திருமுருகன் கையெழுத்துப் போடவில்லை. பக்கத்து மேஜைக்காரர் போட்டார். திருமுருகன் விமானத் துறை மேலிடத்துக்குக் கடிதம் எழுதினான். ஓர் அதிகாரி வந்தார், புகாரில் சொன்ன விமானத்தைப் பார்த்தார், நல்ல பின்னைப் பார்த்தார். மற்றது அன்று கோயம்புத்தூரில் இருந்தது. புகாரில் உண்மை இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். அவர் எழுதியதிலும் பொய் இல்லை. திருமுருகனுக்கு விசாரணை முடியும்வரை சஸ்பெண்ட்.

3

அவன் அதிர்ச்சியடைந்தான் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். மேனேஜர் அந்த யோசனையைச் சொன்னபோது அவனுக்கு அதிர்ச்சியே வரவில்லையாம், வெட்கம்தான் வந்ததாம். அவனே சொன்னான். காரணம் அவன் அப்பா.

அப்பா தங்கசாமி பெரம்பலூர் நாற்சாலைக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கிறார். லாரி, பஸ் வேலை. பட்டறையின் பின்பக்கம் தார்ப்பாய் போர்த்தி, மாவட்டமே அறிந்த ஒரு ரகசியத்தை வைத்திருந்தார்: எஃப்.சி. சாமான். பள்ளம் தேயாத ஆறு டயர், உடையாத ஹெட்லைட் ஒரு ஜோடி, ஊதினால் சத்தம் வரும் ஹாரன், மருந்து உள்ள முதலுதவிப் பெட்டி, காலாவதி ஆகாத தீயணைப்பு உருளை. ஒரு பஸ்ஸுக்குத் தகுதிச் சான்று வாங்கும் நாள் வந்தால் முதல் நாள் சாயங்காலம் பட்டறைக்கு வரும். வழுக்கை டயரைக் கழற்றி இதை மாட்டிக்கொண்டு போகும். அதிகாரி தட்டிப் பார்ப்பார், சான்று கொடுப்பார். மதியத்துக்குள் பஸ் திரும்பி வந்து வழுக்கை டயரோடு ரூட்டுக்குப் போகும். மறுநாள் அதே ஆறு டயர் இன்னொரு பஸ்ஸில். அந்த ஆறு டயரும் மாவட்டத்தின் எல்லா பஸ்ஸிலும் ஓடியிருக்கின்றன. ஒரு தடவைக்கு இருபது கிலோமீட்டருக்குமேல் ஓடியதில்லை. அதனால் தேயவும் இல்லை.

மகன் விஷயத்தைச் சொன்னபோது நானும் பட்டறையில் இருந்தேன். ரசீதுப் புத்தகம் கொடுக்கப் போயிருந்தேன். தங்கசாமி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"ஏண்டா, அங்கயும் எஃப்.சி. சாமான்தானா?"

"ஆமாப்பா."

"அவ்ளோ படிச்சவனுங்க?"

"படிச்சவங்கதான்."

"நான் எட்டாவது. எனக்குத் தோணுனது அவனுங்களுக்கும் தோணியிருக்கு பாரு." அவர் முகத்தில் வந்ததை என்னவென்று எழுதுவது? பெருமை என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. மன்னியுங்கள்.

"டயர் வெடிச்சா பஸ்சு ஓரமா நிக்கும்பா. அது எங்க நிக்கும்?"

தங்கசாமி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டார். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது. நம்ம டயர் போட்டுப் போன வண்டி எதுவும் இதுவரைக்கும் கவுந்ததில்ல, வேணும்னா யாரை வேணும்னாலும் கேட்டுப் பாரு என்றது.

4

இரண்டாவது பிரதியில் ஒரு விபத்து வைத்திருந்தேன். தங்கசாமி டயரால் சான்று வாங்கிய ஒரு பஸ் மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்கிறது. பதினொரு பேர் சாகிறார்கள். சின்ன வயதில் அதை நேரில் பார்த்த திருமுருகன் அதனால்தான் இப்போது கையெழுத்துப் போட மறுக்கிறான். எழுதி முடித்ததும் எனக்கே கண்ணில் தண்ணீர் வந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அந்த மூன்று பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். உண்மை என்னவென்றால் எந்தப் பஸ்ஸும் கவிழவில்லை. தங்கசாமி சொன்னது சரி. இருபது வருஷமாக ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததுதான் இந்த வியாதியே. ஒன்று ஆகியிருந்தால் நிறுத்தியிருப்பார்கள், குறைந்தபட்சம் தார்ப்பாயையாவது மாற்றியிருப்பார்கள். 'ஒண்ணும் ஆகலையே' என்பதுதான் இந்த நாட்டின் பெரிய தகுதிச் சான்று. அதற்கு முத்திரை வேண்டாம், தேதி வேண்டாம், அதிகாரிகூட வேண்டாம்.

(இந்த இடத்தில் கட்டுரை மாதிரி ஆகிவிட்டது என்று என் நண்பர் ஒருவர் ஓரத்தில் குறித்திருக்கிறார். ஆகட்டும். கோபம் வந்தால் எனக்குப் பத்தி பெரிசாகும்.)

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். கல்லங்குறிச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கம். அவர்களுடைய பாதுகாப்புச் சோதனைப் பதிவேட்டை நான்தான் அச்சடித்துக் கொடுத்தேன். தேதி, இயந்திரம், சோதித்த விவரம், முடிவு என்று நான்கு கட்டம். மூன்றாவது வருஷம் ஆர்டர் கொடுத்தபோது கிளார்க் சொன்னார்: "முடிவுன்னு இருக்குற கட்டத்துல எல்லா வரியிலயும் 'சரி'ன்னு அச்சடிச்சே குடுத்துருங்க சார். தெனம் எழுதிக் கை வலிக்குது." அடித்துக் கொடுத்தேன். அழகான எழுத்துரு. சுரங்கத்தில் இன்னும் நடக்காத சோதனைகளுக்கெல்லாம் ஒரு வருஷம் முன்பே 'சரி' போட்ட கை இது. பக்கத்து மேஜைக்காரரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

இருந்தும் திட்டுகிறேன். யோக்கியதை வரும்வரை காத்திருந்தால் இந்த ஊரில் ஒருவரும் ஒருவரையும் திட்ட முடியாது.

5

அந்தச் சுரங்கத்தின் முதலாளிதான் வாழ்த்துமடல்காரர். முத்தமிழ்செல்வன். கனிமச் செம்மல், கல்விக் கடல், இன்னும் நான்கு பட்டம். நான்கில் இரண்டு நான் கொடுத்தவை. சுரங்கம் போக ஒரு பாலிடெக்னிக்கும் உண்டு.

இவரை எழுதும்போது எனக்குச் சந்தேகம் வந்துகொண்டே இருக்கிறது. வெள்ளை வேட்டி, தங்கக் கடிகாரம் என்று எழுதினால் வில்லன் தயாராகிவிடுகிறான், உங்களுக்கும் வேலை மிச்சம். ஆனால் அவர் கெட்டவர் இல்லை. மேடையில் தன் அம்மா பேச்சு வந்தால் நிஜமாகவே அழுவார். ஏழைப் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பாலிடெக்னிக்கில் சேர்த்துக்கொண்டிருக்கிறார். தன் மணிவிழாவுக்காகத் தன் சுரங்கத்தில் கல் உடைக்கும் நாற்பது பெண்களைத் திருச்சியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் அழைத்துப் போக நினைத்ததும் நல்ல மனசுதான். வாழ்க்கையில் ஒருமுறை. ரோஸ் நிறத்தில் ஒரே மாதிரி சேலை. திருச்சி நிலையத்தில் ஒரு பேனர், சென்னை நிலையத்தில் ஒரு பேனர். நாற்பத்தொன்றாவது இருக்கை எனக்கு. பத்தாயிரம் அடி உயரத்தில் நான் எழுந்து நின்று வாழ்த்துமடலை வாசிக்க வேண்டும். வானத்தில் கவிதை வாசித்த முதல் அரியலூர்க்காரன் என்று அதற்கும் ஒரு செய்தி தயாராக இருந்தது. நானே தயாரித்தேன்.

அவர் விமானத்தில் வரமாட்டார். முதல் நாளே காரில் போய், அவர்கள் இறங்கும்போது மாலையோடு நிற்பார். புகைப்படத்துக்கு அதுதான் சரியான கோணம்.

விமானம் அந்த நிறுவனத்துடையது. திருச்சிக்கு அந்த இரண்டில் ஒன்றுதான் வரும்.

திருமுருகன் என்னிடம் வந்தான். அந்த நாற்பது பேரில் அவன் அத்தையும் இருந்தாள். முதலாளியிடம் அழைத்துப் போங்கள் என்றான். போனோம். முதலாளி அவனை உட்காரவைத்துக் காபி கொடுத்தார். முழுவதும் கேட்டார். பின்னைப் பற்றி இரண்டு தடவை கேட்டார். அப்புறம் யார் மகன் என்று விசாரித்தார்.

"தங்கசாமி மகனா? நல்ல மனுசன். எங்க காலேஜ் பஸ்சுக்கெல்லாம் அவர்தான தம்பி எஃப்.சி. சாமான் குடுக்குறாரு. பத்து வருசமா. ஏதாவது ஆயிருக்கா?"

திருமுருகன் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதைவிடச் சரியான இடத்தில் அவனை யாரும் அடித்திருக்க முடியாது. அடித்தோம் என்று அவருக்கே தெரியாது.

அவர் சும்மா அனுப்பிவிடவில்லை. விமான நிறுவனத்துக்குப் போன் போட்டார். வேலையை விட்டு நிறுத்திய ஆள், அந்த ஆத்திரத்தில் பேசுகிறான் என்று அந்தப் பக்கம் சொன்னார்கள். பத்து நிமிஷத்தில் ஃபேக்ஸ் வந்தது. இரண்டு விமானங்களுக்கும் தகுதிச் சான்று. முதலாளி அதைத் திருமுருகனிடம் நீட்டி, "கையெழுத்து இருக்கே தம்பி" என்றார். அவன் வாங்கவில்லை. என்னிடம் நீட்டினார். நீங்க படிச்சவரு, பாருங்க.

"ஆமாங்கய்யா, இருக்கு" என்றேன்.

இந்தக் கதையில் நான் பேசிய ஒரே வசனம் அதுதான். திருத்தி எழுதலாம் என்று பார்த்தேன். கை வரவில்லை.

6

இனி அத்தை. சின்னம்மாள், ஐம்பத்திரண்டு வயது, தங்கசாமியின் தங்கை. கல்லங்குறிச்சியில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் இறந்த பிறகு இருபது வருஷமாகச் சுரங்கத்தில் கல் உடைக்கிறாள்.

இவளைப் பற்றி உங்களை எச்சரிக்க வேண்டியிருக்கிறது. உங்களுக்கு இவளைப் பிடித்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாத, உலகம் தெரிந்த பெண் என்றால் வாசகர்கள் உருகுவார்கள். தயவுசெய்து உருகாதீர்கள். சின்னம்மாள் வாய்க்காரி, பொறாமைக்காரி. பக்கத்து வீட்டுக் கமலவேணிக்கு ஜன்னல் இருக்கை கிடைத்துவிட்டது என்று ஒரு வாரமாக அவளோடு பேச்சில்லை. திருமுருகன் விஷயத்தைச் சொல்ல வந்தபோது முதலில் என்ன சொன்னாள் தெரியுமா?

"உனக்கு வேலை போச்சுன்னா வூட்டுல கெட. நான் ஒரே ஒரு தடவ மேல போறேன், அதுலயும் மண்ணள்ளிப் போடாத."

அவன் விடவில்லை. மத்தியானச் சோற்று நேரம், சுரங்கத்து மேட்டில், வெயிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான். இதை எனக்குச் சொன்னவன் அவன்தான். சாயம், துணி, வெள்ளைப் பொடி எல்லாம் சொன்னான். அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். தூக்குச் சட்டியில் இருந்த தண்ணீரை எடுத்து எதிரே கிடந்த கல்மேல் ஊற்றினாள். வெயிலில் ஒரு நிமிஷத்தில் கல் வெளுத்தது. ஒரு கோடு மட்டும் காயவில்லை. கறுப்பாக, மயிர் மாதிரி, குறுக்கே ஓடியது.

"இதானடா?"

"இதேதான் அத்தை."

"இதுக்கா உங்கப்பன் உன்ன அத்தன வருசம் படிக்க வெச்சான்?"

கல் உடைக்கிறவர்கள் தினம் செய்வது அது. எங்கே உளி வைத்தால் பிளக்கும் என்று தெரிய, தண்ணீர் ஊற்றிக் காயவிட்டுப் பார்ப்பார்கள். தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும் கோடுதான் கீறல். அவள் அந்தக் கோட்டில் உளியை நிறுத்தி ஒரே அடி அடித்தாள். கல் இரண்டானது. இரண்டு துண்டையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றான் திருமுருகன்.

அப்புறம்தான், முதலாளியும் நானும் கேட்காத கேள்வியை அவள் கேட்டாள்.

"நல்ல பின்னு ஒண்ணு. பிளேனு ரெண்டு. ஞாயித்துக்கெழம வர்றது எது?"

"தெரியல அத்தை. போன் போட்டுக் கேட்டேன். கூட வேலை பார்த்தவன் வச்சிட்டான்."

"அந்த மேனேசருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"மொதலாளிக்கு?"

"தெரிய வேணாம்னு இருக்காரு."

"கெட்டிக்காரருதான்." சட்டியைக் கழுவி மூடினாள். "இங்க பாரு. அதிகாரி வர்ற அன்னைக்கு எங்க நாப்பது பேருக்கும் தொப்பி, பூட்ஸ் குடுப்பாங்க. அவன் ஜீப்பு ரோட்டுக்குப் போனதும் வாங்கி உள்ள வெச்சுப் பூட்டிருவாங்க. மூணு மணிக்கு வெடி வெக்கிறப்ப எங்க தலையில முந்தானதான் இருக்கும். எனக்கு நீ இதச் சொல்லித் தரணுமாடா?"

அவள் போகமாட்டேன் என்று சொல்லவில்லை. போகிறேன் என்றும் சொல்லவில்லை. போகாவிட்டால் திங்கட்கிழமை வேலை இருக்காது. அவளுக்கு மட்டும் இல்லை, அவளைப் பார்த்து யார் யார் போகாமல் நின்றுவிடுவார்களோ அவர்களுக்கும்.

7

ஞாயிற்றுக்கிழமை காலை காலேஜ் பஸ்ஸில் திருச்சிக்குப் போனோம். (அந்த பஸ்ஸின் டயரை யாரும் குனிந்து பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. ஓரமாக நிற்கும் என்ற தைரியம்.) திருமுருகன் பைக்கில் பின்னாலேயே வந்தான். நிலையத்துக்குள் அவனை விடவில்லை. டிக்கெட் இல்லை.

நாற்பது ரோஸ் சேலை. வாக்காளர் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போனார்கள். இடுப்பில் செருகிய சுருக்குப்பையைச் சோதனைக்காரி எடுத்தபோது ஒருத்தி சண்டைக்குப் போனாள். உள்ளே போய்க் கண்ணாடிச் சுவருக்கு முன்னால் நின்றார்கள். வெளியே விமானம் நின்றது. எல்லாரும் இறக்கையைப் பார்த்தார்கள். சின்னம்மாள் மட்டும் அதன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏறச் சொல்லி அழைப்பு வந்தது. அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

விமானக் கம்பெனிப் பெண் வந்து, என்னம்மா, உடம்பு முடியலையா என்று கேட்டாள். இல்லை என்றாள் சின்னம்மாள். அந்தச் சாயத்தைத் தடவி, துடைத்து, பொடி போட்டுக் காட்டுங்கள், பார்த்துவிட்டு ஏறுகிறோம் என்றாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. ஓடிப்போய் மேனேஜரைக் கூட்டிவந்தாள். பின்னை மாற்றி மாட்டச் சொன்ன அதே மேனேஜர்தான், மணிவிழா விமானம் என்பதால் அன்று திருச்சிக்கு வந்திருந்தார். அவருக்குப் புரிந்தது. முகம் மாறியதில் எனக்கும் தெரிந்தது. பையிலிருந்து சான்றை எடுத்து விரித்துக் காட்டினார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது சார்" என்றாள் சின்னம்மாள். "கீறல் பாக்கத் தெரியும்."

கமலவேணி அவளைப் பார்த்தாள். விமானத்தைப் பார்த்தாள். ஜன்னல் இருக்கைக்காரி. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சின்னம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒரு வாரமா மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தியே, இப்ப ரெண்டு பேருக்கும் ஒரே எடந்தான்" என்றாள். பிறகு ஒவ்வொருத்தியாக. பளிங்குத் தரை ரோஸாகிக்கொண்டே வந்தது.

மேனேஜர் செல்போனை நீட்டினார். சென்னையிலிருந்து முதலாளி. சின்னம்மாள் வாங்கிக் காதில் வைத்து முழுவதும் கேட்டாள். முதலாளி என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. கற்பனை செய்து ஒரு பத்தி எழுதினேன், நன்றாக வந்தது, எடுத்துவிட்டேன். அவள் சொன்னது மட்டும் தெரியும்.

"நீங்க நேத்தே காருல போயிட்டீங்களாமே ஐயா."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

கழற்றி, சாயம் தடவி, பொடி போட்டுப் பார்க்க அரை நாள் ஆகும் என்று மேனேஜர் கத்தினார். அரை நாள் உட்கார்ந்திருக்கத் தயாராகக் கட்டுச்சோறு கொண்டுவந்திருந்தார்கள் அவர்கள். அரை நாள் பெரிய விஷயமே இல்லை. அதை ஏன் அவர் செய்யமாட்டார் என்று உங்களுக்கே தெரியும். செய்தால் தெரிந்துவிடும்.

8

இங்கே மூன்று முடிவு எழுதி வைத்திருக்கிறேன்.

(அ) ஏறுகிறார்கள். சென்னையில் இறங்கும்போது கால் மடங்குகிறது. நீங்கள் 'அடப்பாவமே' என்பீர்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து சாப்பிடப் போவீர்கள். முதலாளி அழுவார், நிஜமாகவே அழுவார். நான் இரங்கல் மடல் அச்சடிப்பேன்.

(ஆ) ஏறுகிறார்கள். பத்திரமாக இறங்குகிறார்கள். மாலை, புகைப்படம், வடை. 'பாத்தீங்களா, ஒண்ணும் ஆகலை.' திருமுருகன் ஆயுள் முழுக்க ஊரில் கிறுக்கன். பின் மட்டும் தன் ஐந்நூறை எண்ணிக்கொண்டிருக்கும்.

(இ) மேனேஜர் தலைகுனிகிறார். பின்னைக் கழற்றிக் கொண்டுவந்து பளிங்குத் தரையில் வைத்துச் சாயம் தடவுகிறார்கள். நாற்பது பெண்கள் சுற்றிக் குனிந்து பார்க்க, வெள்ளையில் சிவப்புக் கோடு மெல்ல எழுகிறது. இதைத்தான் எழுத ஆசை. ராத்தூக்கம் கெட்டு நான்கு தடவை எழுதினேன். அவ்வளவு அழகாக வந்தது. நடக்காததை அழகாக அச்சடித்துக் கொடுக்கும் பழக்கம் எனக்கு ஏற்கெனவே இருக்கிறது, அதனால் கிழித்தேன்.

மூன்றும் இல்லை. இதில் எதைச் சொன்னாலும் நீங்கள் பின்னைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டு விமானத்துக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்பீர்கள். கீறல் விழுந்த பின்னை மாட்டி நாற்பது பேரை ஏற்றச் சொன்னது அந்த நிமிஷத்திலேயே முழுக் குற்றம். விமானம் இறங்கிய பிறகு அதைச் சிறியதாகவோ பெரியதாகவோ ஆக்க முடியாது. நல்ல பின்தான் இருந்தது என்றால்கூட. நல்ல பின் எதில் இருக்கிறது என்று ஏறுகிறவர்களுக்குத் தெரியாதவரைக்கும் அது குற்றம்தான்.

அதனால் அந்த நிமிஷத்திலேயே நிறுத்துகிறேன். கடைசி அழைப்பு வந்துவிட்டது. இருபத்தொன்பது பேர் தரையில். பதினொரு பேர் இன்னும் நிற்கிறார்கள். அவர்களைக் கோழை என்று ஓரத்தில் குறித்தால் உங்கள் கையை ஒடிப்பேன். திங்கட்கிழமை அவர்கள் வீட்டில் உலை வைக்க வேண்டும். உட்காரவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் நிற்கிறார்கள்.

மேனேஜர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்புகிறார். என்னைப் பார்க்கிறார். சட்டைப் பையில் பேனா, கையில் வாழ்த்துமடல், கண்ணாடி போட்ட படித்த ஆள். அவர் குரல் தணிந்து, மரியாதையாக வருகிறது.

"சார், நீங்க மொதல்ல ஏறுங்க. நீங்க போனாப் போதும், பின்னாடியே வந்துருவாங்க."

நான் என்ன செய்தேன் என்று எழுத மாட்டேன். எழுதினால் ஒன்று என்னைப் பாராட்டுவீர்கள், இல்லை காறித் துப்புவீர்கள். இரண்டிலும் உங்களுக்கு வேலை முடிந்துவிடும். முடியக்கூடாது. நாற்பத்தொன்றாவது இருக்கையை உங்களுக்குத் தருகிறேன். போர்டிங் அட்டையைப் பிடியுங்கள், என் இடத்தில் வந்து நில்லுங்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படிக்கட்டு காத்திருக்கிறது. சின்னம்மாள் தலையைத் தூக்கி உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. நிற்கிற பதினொரு பேரும் பார்க்கவில்லை. அவர்கள் எல்லாரும் உங்கள் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.